பெயர் கேட்காத படிவம்

7 ஜூலை 2025, திங்கள். மாலை 6.10. விடாத சாரல்.
1. மகிழ்ச்சி அளவீடு, முதல் நாள்

குடை மறந்தேன், மூக்கடைப்பு. மீன்வலைக் கம்பெனியில் இன்று அனைவருக்கும் ஒரு படிவம். ‘பணியிட மகிழ்ச்சி அளவீடு’. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முகங்கள், அழுமூஞ்சி முதல் சிரித்த முகம் வரை. பெயர் எழுத வேண்டாமாம். பெயர் வேண்டாதவர்களுக்குப் பிரிவும் பணியாண்டும் எதற்கு? முப்பது ஆண்டுகளாக நான் வந்த நேரத்தை மட்டுமே கேட்ட நிர்வாகம், இன்று என் உறக்கத்தை விசாரிக்கிறது.

வாட்ச்மேன் தங்கையன்: “ஓய், எல்லாத்துக்கும் சிரிச்ச மூஞ்சியில டிக் போட்டுட்டு சோலியப் பாரும்.”

8 ஜூலை, செவ்வாய். மாலை 6.25. மழை இல்லை.
2. படிவம் திரும்பப் பெறுதல்

நேரக் காப்பாளர் என்ற முறையில் பொறுப்பு எனக்கு. வலை பழுதுபார்க்கும் பிரிவு ஸ்டெல்லா பணியாண்டை நிரப்பவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

“சாரே, அது வேண்டாமே. ஆளு தெரிஞ்சிரும்.”

“பூர்த்தியாகாத படிவம் செல்லாதம்மா.”

“சாரு சொன்னா செரி.” 14 என்று எழுதினாள்.

பின்பக்கம் மூன்று வரி. வாசித்திருக்கக் கூடாது; வாசித்தேன். கழிப்பறைக்குப் போகும் பெண்களைச் சூப்பர்வைசர் நிமிடம் எண்ணி எல்லார் முன்பும் ஏசுகிறாராம். உண்மை. அந்த நிமிடங்களைக் குறிக்கும் பதிவேடு என் மேசையில்தான்.

11 ஜூலை, வெள்ளி. மாலை 7.05. காற்று.
3. இடமாற்றம்

திங்கள் முதல் ஸ்டெல்லாவுக்கு அஞ்சுகிராமம் கிடங்கு. வீடு குளச்சலில், போக இரண்டு பஸ், வர இரண்டு. வீட்டில் படுத்த படுக்கையாய்த் தாய்.

மானேஜர்: “சும்மா ரொட்டீன் டிரான்ஸ்ஃபர் சார்.”

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பிரிவில் பதினான்கு ஆண்டு முடித்தவர் ஒருவரே. இரண்டாம் முறையும் பார்த்தேன். ஒருவரே.

வாசலில் ஸ்டெல்லா: “இப்பம் எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்குல்லா, சாரே?”

மாத்திரை போட மறந்தேன்.

12 ஜூலை, சனி. காலை 5.40. சாரல்.
4. முதலாளிக்குக் கடிதம்

மூன்று முறை திருத்தினேன். மானேஜர் வழியாக அனுப்பினால் போய்ச் சேராது, பதிவுத் தபால். ஓய்வுக்குப் பின் கிடைத்த என் மறுநியமனம் இம்மாதம் 31 வரைதான். அதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. பணியாண்டை எழுத வைத்தவன் நான் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

இணைப்பு:
1. வெளியே சென்ற நேரப் பதிவேடு, ஜூன் பக்கங்கள், நகல். கையெழுத்து என்னுடையது.
2. இதுவரை கொடுக்காத என் படிவம். பத்துக்கும் அழுமூஞ்சி. பெயர், பிறந்த தேதி, பணியாண்டு சேர்க்கப்பட்டுள்ளன.
3. நேர அலுவலகச் சாவி, இரண்டு.