உறவுமுறைக் கட்டம்

ஆகஸ்ட், செவ்வாய் இரவு

குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை இன்று பின்னேரம் மகள் லப்டொப்பில் நிரப்பினாள். எனக்கும் இவருக்கும் இங்கே ட்ருகனினாவில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை என்று எழுதும்வரை சிக்கல் இல்லை. எங்கள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ் செல்வியின் முறை வந்ததும், "என்ன உறவு?" என்று மகள் கேட்டாள்.

"தங்கச்சி," என்றேன், யோசிக்காமல்.

"செல்வி அன்ரி பிறந்தது மதுரை. நீங்கள் பருத்தித்துறை. எப்பிடி சிஸ்டர்?" என்று சிரித்துவிட்டு, 'வாடகைக்கு இருப்பவர்' என்று போட்டாள். சரிதான். ஆனால் செல்வி வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லாம் கேட்டிருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை பார்க்கிறேன் என்று போன கிழமைதான் சொன்னாள்.

நான் வேலைக்குப் புறப்படும்போது, போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் ஊர் வழக்கில் "போட்டு வாறன்" என்றால், "எதைக்கா போட்டுட்டு வர்றீங்க?" என்று தினமும் கேலி செய்கிறவள் அவள். இன்று கதவைத் திறந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போட்டு வாறன் அக்கா," என்றாள். சிரிக்கவில்லை.

படிவத்தை அனுப்பியாகிவிட்டது. திருத்த முடியுமா என்று விடிந்ததும் மகளிடம் கேட்க வேண்டும்.