மத்தே சுற்றில் உன் இடம்

பரிலோச்சே, அர்ஜென்டினா,
ஆகஸ்ட், குளிர்காலம்.

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணனும் அவருடைய படகும் நலமா? உஷுவாயாவில் நண்டு அள்ள அள்ள வருகிறதாமே, வரட்டும். இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கசக்கி எறிந்த கணக்கை நான் எடுத்து வைத்திருந்தேன். கோபப்படாதே. எலெக்ட்ரான் அலை ஒரு பள்ளத்தைக் கடக்கிறது. பள்ளத்துக்கு அப்பால் தரை கொஞ்சம் உயரம். திரும்பி வருவதையும் கடந்து போவதையும் கூட்டினால், அனுப்பியதைவிட அதிகமாக வந்தது. அதற்குத்தானே ஆய்வையே தலைமுழுகிவிட்டுக் கடலுக்குப் போனாய்?

நேற்று ஆய்வுக்கூடத்தில் மத்தே இலையில் வெந்நீர் ஊற்றி, ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். நான்தான் ஊற்றினேன். பேராசிரியர் எலிசால்தே வழக்கம்போல் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். "சார், அது மைக் இல்ல, குடிச்சிட்டுக் குடுங்க!" என்று பெலிசா கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறி தட்டியது. எல்லாருக்கும் ஒரே அளவுதான் ஊற்றுகிறேன், ஆனால் அவர் கைக்குப் போனால் சுற்றே மெதுவாகிவிடுகிறது. கிண்ணம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

உயரமான தரையில் அலை மெதுவாகப் போகும், அன்செல்மோ! நீ அலையின் உயரத்தை எடுத்துக்கொண்டு வேகத்தை மறந்துவிட்டாய். கடந்து போவதை வேகங்களின் விகிதத்தால் பெருக்கிப் பார்த்தேன். கூட்டுத்தொகை சரியாக ஒன்று, அனுப்பிய அதே அளவு. கரும்பலகை முன்னால் நின்று அழுதுவிட்டேன். மற்றதெல்லாம் நீ போட்டபடியே சரி. சில ஆற்றல்களில் அலை, பள்ளமே இல்லாததுபோல் கடந்துவிடும் என்றாயே, அதுவும்.

பேராசிரியரிடம் காட்டினேன். "முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு! இதுக்குப் போயா நண்டு புடிக்கிறான்? மார்ச்சுக்குள்ள ஆய்வேட்டோட வந்து நிக்கச் சொல்லு" என்றார். திட்டும்போதே முகமெல்லாம் சிரிப்பு. உன் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

கிளம்பிய அன்று, காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி நன்றி என்றாய். மத்தே சுற்றில் நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்றுதானே நமக்கெல்லாம் அர்த்தம். மத்தேயை மட்டும் சொன்னாயா, என்னையும் சேர்த்தா என்று கேட்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் உன் இடம் வரும்போது கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்தவருக்கு ஊற்றுகிறேன். பெலிசா கிண்டல் செய்கிறாள், செய்யட்டும். நீ அந்த நன்றியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வா.

கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும்.

தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும்
உன் மனைவி,
மிர்த்தா