குர்பானுக்குத் தேறாத சுட்டியன்

கல்முனை
05.09.1982

அன்பு மகள் றாபியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு நடமாடுகிறேன், குவைத்தில் அந்த வீட்டு வேலைகளுக்கிடையே நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். உன் தங்கை அஸீஸா சுகம், ஆணத்துக்கு உப்புப் போடத்தான் இன்னும் கை படியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மௌத்தான உன் உம்மாவின் பேரில் அறுத்துக் குர்பான் கொடுக்க நீ நிய்யத்து வைத்த சுட்டியன் காளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று கடிதமாக மழுப்பினேன், இனி மறைக்க முடியாது. நேற்றுப் பள்ளிவாசல் லெப்பை வந்து அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புக்குள்ள மூளை வத்துற அளவுக்கு மெலிஞ்ச மாடு குர்பானுக்குக் கூடாது காக்கா" என்று சொல்லித் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

குற்றம் என்னுடையது. நீ அனுப்பிய காசையெல்லாம் மாடாக்கினேன். நான் மட்டுமா, பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வாப்பாமார் எல்லோரும் அதையே செய்தோம், இறைச்சிக்காகக் கொழும்புக்கு ஏற்றுகிற லொறிக்காரர் எத்தனை நின்றாலும் எடுப்போம் என்று ஆசை காட்டினார்கள். குளத்துக்கு மேலே இருக்கிற தரவையில்தான் அத்தனையும் மேய்ந்தன. பட்டி பார்க்கிற முகம்மது தம்பி அப்போதே, "இவ்வளவு வாய்க்கு இந்தப் புல்லுக் காணாது, கொஞ்சம் முளைக்க விடுங்க" என்றான், உன் வேலையைப் பார் என்று சீறினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். புல் வேரோடு போய்த் தரை மொட்டையானது, மாரி மழையில் அந்த மண்ணெல்லாம் குளத்துக்குள் இறங்கியது. குளம் தூர்ந்து இந்தச் சிறுபோகத்தில் கதிர் வருமுன்பே தண்ணீர் முடிந்தது, நெல்லும் பதர், மாட்டுக்குப் போட வைக்கோலும் இல்லை. இப்போது லொறிக்காரரும் எலும்பை ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். ஊரெல்லாம் மாடு நிற்கிறது, குர்பானுக்கு ஒன்று இல்லை. வருகிற மாரிக்கும் மண்தான் இறங்கும், இனி அந்தக் குளம் சரிவரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை மகள்.

இன்று சுபஹுத் தொழுதுவிட்டு உம்மாவிடம் மனம் ஆறச் சொல்லலாமென்று அவளை அடக்கிய மையவாடிக்குப் போனேன். வேலியைத் தள்ளிக்கொண்டு மாடுகள் உள்ளே நின்றன, ஊரில் பச்சை மிஞ்சியிருப்பது அங்கேதான். நீ சொல்லி உம்மாவின் கபுறில் நான் நட்ட செடியை ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது. கம்பை ஓங்கினேன், தலையைத் திருப்பிப் பார்த்தது நம் சுட்டியன். ஓங்கிய கம்பை இறக்கிவிட்டு அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாடு வாங்கவென்று இனி எதுவும் அனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு, அல்லாஹ் உன்னைச் சலாமத்தாக வைத்திருக்கட்டும். முடிந்தால் குர்பானை அங்கேயே கொடுத்துவிடு, கொடுக்கும்போது உம்மாவின் பெயரைத் தெளிவாகச் சொல், சபியா உம்மா என்று.

உன் வாப்பா
அச்சிமுகம்மது