ஆவிப்பெண் கன்னத்தில் என் சுருள்

ஜனவரி 9, 1956

மூன்றாவது சுருளுக்கு வால் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

கன்னி ஆவி இன்று ஊர்த்திடலில் ஆடியது. வெள்ளை முகம், சின்ன மூக்கு, தலைக்கு மேல் கொம்பு கொம்பாகக் கொண்டை. ஆடிக்கொண்டே பெண்கள் பக்கம் குனிந்தபோது இடது கன்னம் தெரிந்தது. போன மாதம் அக்கா உகோயேவின் கன்னத்தில் நான் தோலில் கறுப்பாகப் பிடிக்கும் உலிக்காய்ச் சாற்றால் போட்ட அதே மூன்று சுருள்கள். கடைசிச் சுருளை முடிக்கும்போது அவள் தும்மிவிட்டாள். வால் பாதியில் நின்றது. ஆவிக்கும் பாதியில் நிற்கிறது.

எல்லோரும், "அப்படியே உகோயே" என்றார்கள். அக்கா தலையைக் குனிந்து சிரித்தாள்.

ஜனவரி 10

ஆவியாக ஆடுவது முகமூடி போட்ட ஓர் ஆண், அந்த முகமூடியை எசேனா மாமா செதுக்கினார் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். நான் அம்மாவிடம் மட்டும், "அது நான் போட்ட கோடும்மா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"ஆவி மண்ணுக்குள்ளேருந்து வந்துது. அதுக்கு எந்த மனுசன் கோடு போட்டான்? வெளியில சொன்னா ஆம்பளைங்க கூடி அபராதமா ஆடு கேப்பாங்க."

அக்காவைப் போல இருக்கிறது என்று சொல்லலாம். என் கோடு என்று சொல்லக் கூடாது. இது என்ன நியாயம்?

ஜனவரி 12

ஓடையில் அக்காவுக்கு வழி விட்டார்கள். பின்னால் போன என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரி 15

நாளை பக்கத்து ஊரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆவி இவள் சாயல் என்று கேள்விப்பட்டுத்தான்.

"அதே மாதிரி போடுடி" என்று அக்கா முகத்தைக் காட்டினாள். எத்தனை லேசாகச் சொல்கிறாள். வாத்தியார் கேட்டால் விடை தெரிந்தும் வாய் வந்ததில்லை எனக்கு. மூன்றாம் வகுப்போடு அப்பா நிறுத்திவிட்டார். எனக்கென்று இருப்பது இந்தக் கை ஒன்றுதான். அதையும் அவள் முகத்தில் மாட்டிக்கொண்டு போகிறாள்.

சாற்றில் தண்ணீர் ஊற்றினேன். மூன்று கை. போடும்போது வெளிறித்தான் இருக்கும், விடிந்தால்தான் கறுக்கும். அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 16

விடிந்தது. கறுக்கவில்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி முகம். காய் பிஞ்சோ என்னவோ என்றேன்.

வந்தவர்களில் பருத்த அத்தை ஒருத்தி அக்காவின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "பொண்ணு பரவாயில்ல. ஆவி மாதிரின்னாங்களே, அந்த முகம் எங்க?" மற்றவர்கள் கிழங்குக் களியை உருட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், அதுதான் உண்மை.

அப்போது அக்கா சொன்னாள்: "அது என் முகம் இல்ல அத்தை. என் தங்கச்சி கை. அதோ நிக்கிறா பாருங்க."

அம்மாவுக்கு மூச்சே நின்றிருக்கும். ஆவியின் பெயரை அவள் எடுக்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. அத்தனை கண்களும் என் மேல். கிழங்குக் கொட்டகைக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

நான் ஆசைப்பட்ட பெயர் கிடைத்துவிட்டது. அதையும் அவளே கொடுத்தாள். இதற்கும் அவள் மேல்தான் பொறாமைப்பட வேண்டுமா?

ஜனவரி 17

அடுத்த சந்தை நாளில் மறுபடி வந்து முடிவு சொல்வார்களாம். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 19

மதியம் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தோம். அக்கா நிமிராமலே கேட்டாள்.

"எவ்வளவு தண்ணி கலந்த?"

"மூணு கை."

"சாறு காயும்போது கன்னம் இழுக்கும்டி. அன்னைக்கு இழுக்கவே இல்ல."

சாறு போட்ட ராத்திரியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அவர்கள் முன்னால் அப்படிச் சொன்னாளா?

எழுந்து போய் முற்றின காயாகப் பார்த்துப் பறித்தேன். தண்ணீர் படாமல் இடித்துப் பிழிந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, "முகத்தைத் தூக்கு" என்றேன். கன்னத்தைத் தொடவில்லை. எந்த ஆவிக்கும் இதுவரை இல்லாத ஒரு கோலத்தை நெற்றியில் தொடங்கினேன்.