கடைசிப் பக்கத்துக்குப் போன எச்சரிக்கை

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய். ஈப்போ.

எங்கள் கணினிச் சங்கம் இலவசமாகக் கொடுக்கும் புரோகிராமின் விளக்கத்தாளைப் புதிதாக அமைத்தது பற்றி இன்று மாலை கூடிப் பேசினோம். பழைய தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது: வெற்று டிஸ்கை மட்டும் போடவும், இல்லாவிட்டால் அதில் உள்ளது அழிந்துவிடும். அது ஆளை மிரட்டுகிறது என்று நான்தான் புதுத் தாளில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்டெல்லா அக்கா, சுங்கை சிப்புட் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, புதுத் தாளையும் புரோகிராமையும் வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்.

"இப்பத்தான் பயமில்லாம இருக்குலா தம்பி. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க பேர் இருக்கிற டிஸ்க்க போட்டுப் பாக்குறேன்."

பாராட்டில் மயங்கித் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அக்கா வீட்டில் போன் இல்லை. ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. அந்த டிஸ்குக்கு நகல் இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை.

பெரட்டு ஐந்தரைக்கு. முதல் பஸ் ஆறுக்கு. பக்கத்து வீட்டு அண்ணனிடம் மோட்டார் சைக்கிள் சாவி வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு அலாரமும் வைத்துவிட்டேன். கண்ணை மூடத்தான் பயமாக இருக்கிறது.