ஈயத்தாளும் தங்கமும்

18 ஜனவரி 2004, ஞாயிறு

கடக்வாஸ்லா அணைக்கரையில் இன்றைய அறுவடை: சோடா மூடிகள், ஒரு சைக்கிள் பூட்டு, தேய்ந்த பத்து பைசா, துருப்பிடித்த ஆணிகள். உலோகம் தேடும் மெஷின் காலையிலிருந்து ஒரே அழுகை. தரையருகே கொண்டுபோனால் அழுகிறது, தூக்கினாலும் அழுகிறது. இந்தக் கரிசல் மண்ணில் இரும்பு அதிகம், அதனால்தான் என்கிறார் டி.வி. ரிப்பேர் லூர்துசாமி. புனே ஜூனா பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே இதைப் பொறுக்கி எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால் மெஷினைக் குறை சொன்னால் அவர் மண்ணைக் குறை சொல்வார்.

அணைக் காவலாளி வழக்கம்போல, "காய் ஷோத்தாய், மாவ்ஷி?" என்றான். மாவ்ஷி என்றால் சித்தி; என்ன தேடுகிறேனாம். சும்மா, பொழுதுபோக்கு என்றேன். பொழுதுபோக்குதான். மற்ற பெண்கள் ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், நான் மண்ணைக் கிண்டுகிறேன்.

தோள் விண்விண் என்று தெறிக்கிறது. இந்தக் கோடைக்குள் புது மெஷின் வாங்கியே ஆகவேண்டும்.

1 பிப்ரவரி

அண்ணா போன் செய்தான். பொங்கலுக்குப் பேச மறந்துவிட்டானாம்.

"நன்னா இருக்கியா, பட்டு?"

"இருக்கேன்."

"சரி, வெச்சுடட்டுமா?"

ஒரே ஊரில், அவன் கோத்ரூடிலிருந்து என் நிக்டிக்கு இதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

பத்து வருஷமாகப் போகிறது. அந்த ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் கடக்வாஸ்லா போனோம். அண்ணா, மன்னி சாவித்ரி, குழந்தை அம்ருதா, மன்னியின் அம்மா, நான். காவிரி இல்லாத ஊரில் அணைத் தண்ணீர்தான் காவிரி. கலந்த சாத டப்பாக்களைப் பரப்பிவைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தோம். மன்னி பழைய மஞ்சள் சரட்டிலிருந்து திருமாங்கல்யத்தையும் இரண்டு தங்கக் குண்டுகளையும் உருவித் தட்டில் போட்டாள், பழைய சரட்டைத் தண்ணீரில் வீசினாள். புதுச் சரட்டில் கோர்க்கப் போனால் ஒரு குண்டுதான் இருக்கிறது. தட்டைப் பிடித்திருந்தவள் நான்.

"வாழாவெட்டி கையில யாராவது திருமாங்கல்யத் தட்டைக் குடுப்பாளா?" என்றாள் மன்னியின் அம்மா. அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். புருஷன் விட்டுப் போனவள் என்பது ஊரறிந்த விஷயம், அதற்கு அழுது முடித்தாயிற்று. ஆனால் புடவையை உதறச் சொன்னாள். உதறினேன். கைப்பையைக் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். பக்கத்துக் குடும்பம் பஜியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அண்ணா தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். மன்னி வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

எனக்குத் தெரியும் அது எங்கே போயிற்று என்று. மஞ்சளும் எண்ணெயும் ஏறிய பழைய சரடு பிசுபிசுவென்று இருக்கும். குண்டு அதில் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போயிருக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது அந்த இடம் வெளியே வரும். எடுத்துக் கொண்டுபோய் அவர்கள் கூடத்தில், நடுவில் வைக்கவேண்டும். "பட்டு, தப்பாச் சொல்லிட்டோம்" என்று ஒரு வார்த்தை. அது போதும். சொன்ன கிழவி போய்ச்சேர்ந்துவிட்டாள். மற்ற இருவரும் இருக்கிறார்களே.

15 பிப்ரவரி

ஆகுர்டியில் லூர்துசாமியின் டி.வி. ரிப்பேர் கடை. புது மெஷின்களைப் பற்றிப் பேரனைவிட்டு இன்டர்நெட்டில் எடுத்த தாள்களைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி விரித்துவைத்திருந்தார்.

"அக்கா, பெரிசா எடுங்க. கீழ இருக்கிற வட்டு பெரிசா இருந்தா ஆழமாப் போவும். நம்ம கரிசல் மண்ணு இதை ஒண்ணும் பண்ணாது."

"அடியில என்ன இருக்குன்னு சொல்லுமா?"

"அது சொல்லாது. தோண்டித்தான் பாக்கணும்."

"அப்போ ஆணிக்கும் தோண்டணும், தங்கத்துக்கும் தோண்டணும்."

"ஆழமான ஆணி, அக்கா," என்றார், பெருமையாக.

இன்னொரு மெஷின் திரையில் எண் காட்டுமாம். இரும்புக்கு ஒரு எண், செம்புக்கு ஒரு எண், வெள்ளிக்கு ஒன்று. ஆகுர்டி ஆலையில் ஸ்டோர்ஸ் வேலை பார்க்கிறவள் நான். எண் இல்லாமல் ஒரு நட்டைக்கூட நம்பமாட்டேன். ஆனால் அது கரிசல் மண்ணில் தடுமாறும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆழமா, அடையாளமா? இரண்டும் சேர்ந்த மெஷினும் இருக்கிறது, அதை வாங்க நான் அந்த ஆலையையே விற்கவேண்டும்.

7 மார்ச்



பழைய மெஷினில் ஒரு திருகு உண்டு. பாதிக்கு மேல் திருப்பினால் சிகரெட் ஈயத்தாள், சாக்லேட் தாள் எதற்கும் சத்தம் போடாது. நான் குப்பை தோண்டித் தோண்டி இடுப்பொடிகிறேன் என்று லூர்துசாமி முதல் நாளே அதைத் திருப்பி, நகராமல் டேப் ஒட்டிக் கொடுத்தார். பெரிய உபகாரம்.

இன்று நெட் சென்டரில் அமெரிக்கக்காரர்கள் எழுதியதைப் படித்தேன். மெல்லிய தங்கமும் ஈயத்தாளும் மெஷினுக்கு ஒரே சத்தமாம். ஈயத்தாள் வேண்டாம் என்று திருகினால் சின்ன மோதிரம், கம்மல் எல்லாம் சேர்ந்தே போய்விடுமாம். மன்னியின் குண்டு உள்ளே அரக்கு வைத்தது, மேலே தகடு மாதிரி தங்கம்.

வீட்டுக்கு வந்து என் காதுத் திருகாணியைக் கழற்றித் தரையில் போட்டேன். மெஷினை ஓட்டினேன். சத்தமில்லை. டேப்பைப் பிய்த்துத் திருகைப் பின்னால் திருப்பினேன். கீச்சென்றது.

ஐயோ, இந்த மனுஷன் நல்லா இருப்பானா? எத்தனை கோடை அது மேலேயே நடந்தேனோ! ஒவ்வொரு ஞாயிறும் பஸ் மாறி, பஸ் மாறிப் போய், வெயில்ல வெந்து — எதைத் தேடினேனோ அதை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பொறுக்கியிருக்கேன்.

8 மார்ச்

லூர்துசாமியைத் திட்டினேன். "நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சேன்," என்றார். எனக்கு நடந்த எல்லாக் கெடுதலும் யாரோ நல்லதுக்குச் செய்ததுதான்.

21 மார்ச்

முடிவு செய்தாயிற்று. எண் காட்டும் மெஷின். ஆழம் வேண்டாம், குண்டு ஒன்றும் கிணற்றுக்குள் விழவில்லை. பெரிய வட்டும் வேண்டாம். பெரிய வட்டுக்குச் சின்னப் பொருள் கண்ணில் படாது, தோளுக்கும் பாரம். தட்டு அளவில் சின்ன வட்டு, மண்ணுக்குத் தகுந்தபடி நாமே சரிசெய்துகொள்ளும் பொத்தான். எதையும் ஒதுக்காமல் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிவிட்டு, எண்ணைப் பார்த்து நானே ஒதுக்குவேன். எது குப்பை என்று இனி எனக்காக யாரும் தீர்மானிக்க வேண்டாம்.

லூர்துசாமி முகம் தொங்கிப்போயிற்று. "அவ்ளோ சின்ன வட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

11 ஏப்ரல்

தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஆடிப்பெருக்கில் நாங்கள் உட்கார்ந்த பாறையின் அடி தெரிகிறது.

2 மே

மெஷின் வந்துவிட்டது. ஸ்டோர்ஸில் என்னோடு வேலை செய்யும் கிரிஜாவின் மகன் ஷ்ரேயஸ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தான். கஸ்டம்ஸில் கேட்டதற்கு ஆண்ட்டியின் பொம்மை என்று சொன்னானாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என்ன லேசு! கையில் கரண்டி பிடித்த மாதிரி இருக்கிறது. ஆணிக்கு ஒரு எண், ஐந்து ரூபாய்க்கு ஒரு எண், திருகாணிக்கு ஒரு எண். ஆனால் அந்தக் குண்டுக்கு என்ன எண்? ஈயத்தாள் எட்டிலிருந்து இருபது வரை எங்கெங்கோ தாவுகிறது. அந்தக் கரையில் ஈயத்தாளுக்கா பஞ்சம்? தேடும் பொருளைப் போலவே ஒன்றை முதலில் மெஷினுக்குக் காட்டி எண்ணைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது கூடவே வந்த புத்தகம்.

அதேபோல ஒன்று உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தொலைந்ததன் ஜோடி. மன்னியிடம்.

9 மே

நானே போன் செய்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. அந்த இன்னொரு குண்டை அஞ்சு நிமிஷம் காட்டினால் போதும், கையால்கூடத் தொடமாட்டேன் என்றேன்.

அண்ணா, "அது எதுக்கு இப்போ? பழசையெல்லாம் கிளறிண்டு," என்றான்.

"கிளறறதுதான் என் பொழுதுபோக்கு," என்றேன்.

அடுத்த ஞாயிறு வரச் சொன்னான். குரலே சரியில்லை. என்னை மறுபடி வீட்டுக்குள் விட மன்னிக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது.

16 மே

கோத்ரூட் போனேன். மன்னி வாசலிலேயே, "வா பட்டு, இளைச்சுப் போயிட்டியே," என்றாள். சரடு கட்டுவதில்லை இப்போது, தங்கக் கொடி. கதவைத் தாழ்போட்டுவிட்டு, "குண்டு பேங்க் லாக்கர்ல இருக்கு, இன்னொரு நாள் பாத்துக்கலாமே," என்றாள்.

அம்ருதாவுக்குப் பதினாறு வயது. நான் அவளை ரோட்டில் பார்த்தால் தெரிந்துகொள்ளமாட்டேன். மெஷினைப் பார்த்ததும் குதித்தாள். "அத்தை, யே தோ சூப்பர்! எது செக் பண்ணணும்?"

"அம்மாவோட பழைய சரட்டுக் குண்டு. ஒண்ணுதான் இருக்கும். லாக்கர்ல இருக்காம்."

"நஹீ நஹீ, ரெண்டு இருக்கே! இங்கதான், பூஜை ஷெல்ஃப்ல!" ஓடிப்போய் ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து திறந்தாள். மன்னி, "அம்ருதா!" என்று அதட்டியது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு குண்டு.

"ஒண்ணு தயிர்சாதத்துல கெடச்சுது நா, அம்மா? பிக்னிக் டப்பா வாஷ் பண்றப்போ. அம்மா ஃபன்னியா சொல்வா அத்தை, யாராவது முழுங்கிருந்தா க்யா ஹோதா, என்ன ஆயிருக்கும்னு." சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்று ஆறு வயது.

நான் ஏன் மெஷினை ஓட்டினேன் என்று தெரியவில்லை. கைப் பழக்கம். முதல் குண்டுக்குப் பதினாலு. இரண்டாவதற்கும் பதினாலு.

"அன்னிக்கு ராத்திரியே கெடச்சுது," என்றாள் மன்னி, தரையைப் பார்த்து. "சொல்லத்தான் நெனச்சேன். அம்மா வேண்டாம்னுட்டா. எல்லாரும் நம்ம மூஞ்சியில கரியப் பூசிடுவான்னா. அப்புறம் நாளாயிடுத்து. நாளானப்புறம் எப்படிச் சொல்றது, நீயே சொல்லு."

"அதையும் நானே சொல்லணுமா?"

அண்ணா பேப்பரை மடித்தான், பிரித்தான். "காபி சாப்பிடறியா, பட்டு?" என்றான்.

பத்து வருஷத்துக்கு ஒரு காபி. அந்த ஒரு வார்த்தையை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நாளாகிவிட்டதாம். நான் அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். குடித்திருக்கவே கூடாது.

17 மே

தயிர்சாதம்.

23 மே

லூர்துசாமியிடம் முழுக்கதையையும் சொன்னேன். மனுஷன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப அந்த டேப்பு ஒட்டினதால ஒண்ணும் ஆவலையா, அக்கா?" என்றார். பாவம், இத்தனை நாள் அதை நினைத்துத் தூங்கியிருக்க மாட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அங்கே எதுவும் இருந்ததே இல்லை.

"மெஷினைக் குடுத்துடலாமா? வாங்கறதுக்கு ஆள் இருக்கு, அக்கா."

முடியாது என்று கத்திவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றி, அலமாரி மேலே போட்டிருக்கிறேன்.

30 மே

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தால் என்ன செய்வது என்றே தெரியவில்லை. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன்.

6 ஜூன்

மழைக்கு முன்னால் கடைசி ஞாயிறு. தேட ஒன்றுமில்லை, ஆனாலும் பேட்டரியை மாட்டிக்கொண்டு மெஷினோடு போனேன். அந்தப் பாறைப் பக்கம் போகவில்லை. தள்ளி, சோளக்கதிர் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே கூச்சல். மராத்திக் குடும்பம் ஒன்று. மாமியார் கை கழுவப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தாளாம், திரும்பக் கேட்டால் மருமகளிடம் காணோமாம். புதிதாகக் கல்யாணமான பெண், கல்யாணத்துக்குப் போட்ட பச்சை வளையல்கூடக் கழற்றவில்லை. "உங்க வீட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று மாமியார் மராத்தியில் கேட்க, ஊரே திரும்பிப் பார்த்தது. "முந்தானையை உதறு," என்றாள்.

அந்தப் பெண் எழுந்து உதறினாள். புருஷன்காரன் அணையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் பாயைச் சுற்றி மெஷினை ஓட்டினேன். ஈயத்தாள். மூடி. ஈயத்தாள். பிறகு பாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே, மாமியாரின் செருப்புத் தடத்துக்குள்ளேயே, ஒரே எண், அசையாமல். விரலால் கிண்டினேன். மோதிரம்.

மாமியார் கையை நீட்டினாள். நான் கையை மூடிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன், "கிடைச்சாச்சு. முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அப்புறம் தரேன்."

"என்ன சொல்லணும்?"

"உங்களுக்கே தெரியும்."

பைத்தியம் என்றாள். புருஷன்காரன் போலீஸ் என்றான். கூப்பிடு என்றேன். சோளக்கதிர்க்காரன் விசிறுவதை நிறுத்திவிட்டான். அந்தப் பெண், "விடுங்க மாவ்ஷி, பரவாயில்லை," என்று என் முழங்கையைத் தொட்டாள். பரவாயில்லையாவது! நாளாகிவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், உனக்குத் தெரியாது பெண்ணே. இன்றைக்கே, இங்கேயே, இத்தனை பேர் நடுவில் சொல்லவேண்டும். நான் நகரவில்லை. உள்ளங்கையில் மோதிரம் வியர்வையில் நழுவியது.

கடைசியில் அந்தப் பொம்பளை மருமகளைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள், "சுக்ல மாஜ."

தப்பு என்னுடையது. அவ்வளவுதான், அந்தச் சின்ன வார்த்தை. சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

கையை விரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணா. "ஆடிப்பெருக்கு வரதே, பட்டு. இந்தத் தடவை எல்லாருமாச் சேர்ந்து போலாம்னு மன்னி சொல்றா."

"வேற எதுவும் சொல்லச் சொன்னாளா?"

"வேற என்ன?"

போனை வைத்துவிட்டேன். மெஷினிலிருந்த சேற்றைத் துடைத்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.