அப்பாவின் ஸ்டூலும் மட்டமான தரையும்

தம்பி,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். பிளம்பர் காலையிலேயே வந்துடுவார். மாடி பாத்ரூம் தரையைப் பேத்துட்டு, தண்ணி தேங்காம, அது வெளியே போற ஜாலி பக்கம் ஓடுற மாதிரி வாட்டம் வச்சுப் போடச் சொல்லியிருக்கேன். நீ கூடவே நின்னு அவருக்கும் பாடம் எடுக்காத. அன்னைக்குத் தரை போடும்போது வாட்டம் வேணும்னு கொத்தனார் தலைபாடா அடிச்சுக்கிட்டார். "அப்பா உட்கார்ற ஸ்டூல் ஆடக் கூடாது, தரை மட்டமாத்தான் இருக்கணும்"னு நீ ஒத்தைக் கால்ல நின்ன. இப்ப ஷவரைத் திறந்தா குளம் கட்டுது.

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. ஒழுங்கா சாப்பிடு. நேத்து அந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டுடலாம்னு நான் சொன்னதும், தட்டுலயே கையைக் கழுவிட்டு எழுந்து போன. எனக்கும் அவர் அப்பாதான்டா.

அக்கா

பி.கு.: அப்பா அங்க குளிச்சது ஒரே ஒரு தடவை. பாதம் முங்கத் தண்ணி நின்னுச்சு. உன்னைத் திட்ட வாயெடுத்தேன். அவர் காலால தண்ணியை அளைஞ்சுக்கிட்டே, "அவனைத் திட்டாதம்மா, சுகமா இருக்கு"ன்னார். மறுவாரமே போயிட்டார்.

ஓரத்துல எழுதியிருக்கேன், இதையும் படி: தரையை உடைக்கிறதுக்கு முன்னாடி ஷவரைத் திறந்துவிட்டு, அந்த ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உட்காரு. எனக்குத் தைரியம் வரல.